தண்ணீரில் ஊறிய பல் அச்சு

கும்மிடிப்பூண்டியில் பல் கிளினிக் திறந்த நாள் முதல் எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு. நான் எடுக்கும் அளவு தப்பாது. பல்செட் பொருந்தவில்லை என்றால் திருவள்ளூர் லேப்காரர் மேல்தான் பாய்வேன். பாவம், அவர் எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேனுக்குச் சிக்னல் காட்டுகிறவர் ஒருவர் வந்தார். பைக்கிலிருந்து விழுந்ததில் மேல் முன்பற்கள் நான்கும் போயிருந்தன. இரண்டு கையாலும் சைகை காட்டுகிறவர் விசிலைப் பல்லில்தான் கடித்துக்கொள்ள வேண்டும். அது முடியாததால் அவரைக் கூட்டிப் பெருக்க விட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் விசில் ஊதிக் காட்டாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். ஒரே வாரத்தில் பல் கட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆல்ஜினேட் பவுடரைத் தண்ணீரில் குழைத்து வாயில் வைத்து அழுத்தினால் ரப்பர் போல இறுகும். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி லேபுக்கு அனுப்புவேன். எங்கள் ஊர் வெயிலில் அச்சு காய்ந்தால் சுருங்கிவிடும். காயவிடக் கூடாது என்று நர்ஸ் அக்காவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சிக்னல்காரர் காலையில் கடைசி பேஷன்ட் என்பதால், அச்சை அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்துதான் பிளாஸ்டர் ஊற்றினேன்.

வந்த பல்செட் ஆடியது. லேப்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டு, மறுபடி அதேபோல அளவெடுத்து அனுப்பினேன். இரண்டாவது செட் விசிலைக் கடித்ததுமே கழன்று விழுந்தது.

"எம் வாயிதான் கோணலா கீது போல மேடம்" என்றார் அவர். எனக்குச் சுருக்கென்றது. மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

மூன்றாவது தடவை அளவெடுத்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பியவள் போனை எடுக்கத் திரும்பி வந்தேன். அக்கா ஒரு கிண்ணம் தண்ணீரில் அச்சை முக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான மேடம் காய வுடாதன்னீங்க? புடுங்குன நாத்துக்கட்ட தண்ணியில வெச்சாதான வாடாம இருக்கும்?"

அக்கா வீட்டில் நெல் விவசாயம். தப்பு அவருடையது இல்லை. ஈரத் துணியில் சுற்றி மூடி வைக்க வேண்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான் என்பதை நான் சொல்லவே இல்லை. தண்ணீரில் கிடந்தால் அச்சு உறிஞ்சி உப்பிவிடும். இரண்டு முறையும் உப்பிய அச்சில்தான் கண்ணை மூடிக்கொண்டு பிளாஸ்டர் ஊற்றியிருக்கிறேன்.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த சிக்னல்காரரை மறுபடி உட்காரவைத்துப் புதிதாக அளவெடுத்தேன். அவர் கண்ணெதிரிலேயே பிளாஸ்டரை ஊற்றினேன். லேப்காரருக்குப் போன் போட்டு மன்னிப்பும் கேட்டேன்.

நான்கு நாளில் வந்த செட் அசையாமல் உட்கார்ந்தது. அவர் விசிலைக் கடித்து, இரண்டு கையையும் தூக்கி ஊதினார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் விசிலைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"லோடு மேல தொங்கிகினு இருக்கசொல்ல நான் சாப்புடப் போவ மாட்டேன் மேடம்."