நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன்

எங்கள் கம்பெனி கேட் செக்யூரிட்டி லிபியாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷமாக சிகரெட் பிடிக்கிறவன் நான். அவருடைய நெஞ்சுக்குள் போன புகையில் என் பங்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் காலையில் கேபின் ஜன்னலுக்கு வெளியே நின்றவன் நான் ஒருவன்தான். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

ஓசூர் சிப்காட்டில் வண்டிப் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனி எங்களுடையது. எனக்கு ஸ்டோர்ஸில் வேலை. உள்ளே தின்னர் டின்கள் அடுக்கியிருப்பதால் தீப்பெட்டியோ லைட்டரோ கேட்டைத் தாண்டக் கூடாது. அதற்காகவே செக்யூரிட்டி கேபினில் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கிறது. அறுபது கட்டம், கட்டத்துக்கு ஒரு ஆணி. காலையில் லைட்டரைக் கொடுத்தால் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் ஒன்று தருவார்கள். டீ பிரேக்கில் டோக்கனைக் கொடுத்து லைட்டரை வாங்கிக்கொள்ள வேண்டும். டோக்கன் ஆணியில் தொங்கும். திரும்பி வந்ததும் லைட்டர் கட்டத்துக்கும் டோக்கன் நம் பைக்கும் போய்விடும். ஆணியில் டோக்கன் தொங்கினால் அந்த நம்பர்காரன் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் விதி.

ஒன்பது வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்கிறவர் லிபியா. வயது நாற்பத்து நான்கு. புருஷன் இல்லை. மகள் கெசியா நர்சிங் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவில் பாடுவார். எங்களுக்கெல்லாம் அவர் 'சிஸ்டர்'. போகிற வருகிற நேரம் எழுதும் கேட் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினால் தலைப்பில் ஒரு குட்டிச் சிலுவை போட்டுவிட்டுத்தான் முதல் வரி எழுதுவார். நம் ஆட்கள் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரிதான் அதுவும்.

அப்போதெல்லாம் புகைக்கிற ஷெட் கம்பெனிக்கு உள்ளேயே இருந்தது. கேபின் ஜன்னலிலிருந்து ஆறடி தூரம் இருந்தால் அதிகம். முப்பது பேர் ஒரே நேரத்தில் ஊதினால் அத்தனையும் நேராக ஜன்னலுக்குள்தான் போகும். டோக்கன் கொடுக்கிற ஜன்னலை எப்படி மூடுவது? ஆனால் நான் ஒரு நாள் அதைத்தான் சொன்னேன். "ஒத்துக்கலன்னா ஜன்னல மூடிக்கங்க சிஸ்டர், கவர்மெண்டுக்கு வரி கட்டித்தான் வாங்கிப் பிடிக்கறோம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்தார்.

இரண்டே வருஷத்தில் அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. கோயிலில் ஒரு பாட்டை முழுசாக இழுத்துப் பாட முடியவில்லை, பாதியில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பதாக ஒரு தடவை சொன்னார். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீங்க?" என்று கேட்டாராம். "நான் பிடிக்கறதில்ல டாக்டர். எனக்காக முப்பது பேர் பிடிக்கறாங்க" என்றாராம் இவர்.

போன வருஷம் தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் கேன்டீன் புகார்ப் பெட்டியில் ஒரு கடிதம் விழுந்தது. பெயரில்லை. கேட் பக்கத்து ஷெட்டால் மூச்சு முட்டுகிறது, பிடிக்கிறவர்களை யாரும் தடுக்கவில்லை, பிடிக்காதவர்களுக்கும் மூச்சு விட உரிமை உண்டு என்று எழுதியிருந்ததாம். ஒரே வாரத்தில் ஷெட்டைப் பிரித்துவிட்டார்கள். கம்பெனிக்குள் எங்கேயும் புகை கூடாது, வேண்டுமானால் கேட்டுக்கு வெளியே போங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. அன்றிலிருந்து பத்து நிமிஷ பிரேக்கில் ரோட்டைத் தாண்டிப் போய், அவசர அவசரமாக இழுத்துவிட்டு ஓடி வருவது எங்கள் பிழைப்பானது. யார் எழுதியது என்று ஆளாளுக்கு ஒருத்தரைச் சந்தேகப்பட்டோம். சிஸ்டரை யாரும் நினைக்கவில்லை. அவர்தான் சிரித்தாரே.

பெயிண்ட் ஷாப் கோவிந்தப்பனின் நம்பர் நாற்பத்தேழு. தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். கன்னட டிரைவரிடம் கன்னடம், தெலுங்கு சூப்பர்வைசரிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ் என்று எல்லாரையும் சிரிக்கவைக்கிறவன். லைட்டரை வாங்கும்போது தினமும் ஒரே வசனம்தான், "இதோ வந்துடறேன் சிஸ்டர்."

டிசம்பரில் ஓசூர்ப் பனி எப்படி இருக்கும் என்று இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏ ஷிஃப்ட் டீ பிரேக் காலை எட்டு பத்துக்கு. அன்றைக்கு எதிர்ப்பக்க டீக்கடையே கண்ணுக்குத் தெரியவில்லை. கோவிந்தப்பன் எனக்கு நாலு ஆள் முன்னால் போனான். கன்டெய்னர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தது. சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வேறொன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று நோட்டில், நாற்பத்தேழுக்கு நேரே 'வெளியே 8.10' என்று லிபியாவின் கையெழுத்து. 'உள்ளே' என்ற இடம் காலி. டோக்கன் ஆணியில் தொங்கியது. மறுநாளும் தொங்கியது. கழற்றச் சொல்லி ஆபீஸில் இரண்டு தடவை சொன்னார்கள். லிபியா சரி என்றார், கழற்றவில்லை. ஃபேன் போட்டால் அது பலகையில் டிக் டிக்கென்று தட்டும். மார்ச் வெயிலில்கூட அவர் ஃபேன் போடாமல் உட்கார்ந்திருந்தார். புகையே வராத கேபினில் புகை நாற்றம் அடிக்கிறது என்பார். "யாரோ ஜன்னல்கிட்ட நின்னு பிடிக்கறாங்க, பாருங்க சார்" என்பார். நான் எட்டிப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள்.

ஏப்ரலில் கோவிந்தப்பனின் மனைவி மாதேஸ்வரிக்குக் கம்பெனியில் வேலை கொடுத்தார்கள். எங்கே போட்டார்கள் தெரியுமா? கேட்டில், லிபியாவுக்குப் பக்கத்து நாற்காலியில். ஆபீஸில் உட்கார்ந்து ஆள் போடுகிற புண்ணியவான்களுக்கு நாற்காலி காலியாக இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும்.

முதல் நாளே அவள், "இது மட்டும் ஏங்கா தொங்குது?" என்று கேட்டிருக்கிறாள். நம்பரைப் படித்துவிட்டு அவளே புரிந்துகொண்டாளாம். அதற்கப்புறம் கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பை சோதித்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். மாதேஸ்வரி ராகிக் களி கொண்டுவந்தால் லிபியாவுக்கும் ஒரு உருண்டை இருக்கும். அதை அவர் விழுங்குவதைப் பார்த்தால் மருந்து சாப்பிடுகிறவர் என்றுதான் தோன்றும். வேலைக் களைப்பு என்று நினைத்தேன். எனக்கென்ன தெரியும்.

ஆகஸ்டில் நாங்கள் ஒரு மனு எழுதினோம். ரோட்டைத் தாண்டுவது ஆபத்து, ஏற்கெனவே ஒரு உயிர் போயிருக்கிறது, ஷெட்டை மறுபடி உள்ளேயே போடுங்கள் என்று. எழுதியவன் நான்தான். செத்தவனை வைத்து என் சிகரெட்டுக்கு நிழல் கேட்டிருக்கிறேன் என்பது எழுதும்போது உறைக்கவில்லை. கேபினில் இருப்பவர்கள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்றது ஆபீஸ். மறுநாள் எட்டு பத்துக்கு மனுவோடு ஜன்னலில் போய் நின்றேன். மற்றவர்கள் ஏற்கெனவே ரோட்டைத் தாண்டியிருந்தார்கள்.

"சிஸ்டர், ஒரு கையெழுத்து. நீயும் போடணும் மாதேஸ்வரி. அன்னிக்கு ஷெட் உள்ள இருந்திருந்தா..."

லிபியா காகிதத்தை வாங்கினார். ஒன்பது மாசத்து நல்ல மூச்சு அதோடு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் பேனாவைத் திறந்தார். பழக்கத்தில் கை, கையெழுத்துக்கு முன்னால் காகிதத்தின் தலைப்பில் ஒரு குட்டிச் சிலுவை போட்டது. போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாதேசு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த லெட்டரு..."

"வேணாங்கா. சொல்லாதீங்க."

"இல்லம்மா, நாந்தான்..."

"தெரியுங்கா. வேலைக்கு வந்த மூணாம் நாளே தெரியும்." மாதேஸ்வரி சத்தம் போடவில்லை. வளையலைத் திருகிக்கொண்டே சொன்னாள். "அவரு ஆக்சிடெண்ட் விசாரணப் பேப்பருங்களோட அந்த லெட்டரும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாங்க. மேல இதே சிலுவ. தெனமும் நோட்டுல பாக்கறனே."

லிபியா பேனாவைக் கீழே வைத்தார். "நாலு மாசமா... ஏம்மா கேக்கல?"

"கேட்டா நீங்க அழுவீங்க. நான் பரவால்லக்கான்னு சொல்லணும். அதச் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரல." ரோட்டைப் பார்த்தாள். "நூறு வாட்டி படிச்சிருப்பேங்கா அத. ஒரு வரியாச்சும் தப்பா இருக்குமான்னு பாத்தேன். இல்ல. தப்பா இருந்திருந்தா வந்த அன்னிக்கே உங்களத் திட்டித் தீத்திருப்பேன். வீட்டுல நானும் அதத்தான சொல்வேன் அவருகிட்ட. புள்ள தூங்குது, வெளிய போய்ப் புடின்னு. நான் யாரத் திட்டறது?"

என்னைத் திட்டலாம் என்று சொல்ல நினைத்தேன். ஜன்னலை மூடச் சொன்னவன் நான், அன்றே நாலடி தள்ளி நின்றிருந்தால் அந்தக் கடிதமே பிறந்திருக்காது. சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன், அவ்வளவுதான் என் வீரம்.

மாதேஸ்வரி மனுவை எடுத்து மடித்து ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள். "கையெழுத்து வேணாங்கண்ணா. அக்காவுக்கு மூச்சு முட்டுது. நீங்க ரோட்டப் பாத்துப் போயிட்டு வாங்க."

லிபியா மேஜையில் தலை கவிழ்த்து அழுதார். மாதேஸ்வரி அவரைத் தொடவில்லை. எழுந்தும் போகவில்லை.

நான் சிகரெட்டை விட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஷெட் திரும்பி வரவில்லை. தினமும் எட்டு பத்துக்கு ரோட்டைத் தாண்டுகிறோம். எட்டு இருபதுக்குத் திரும்பினால் அந்த இரண்டு பெண்களும் ஜன்னலில் நின்றுகொண்டிருப்பார்கள். கடைசி ஆள் வரும்வரை உட்காரமாட்டார்கள். ஒவ்வொருவர் லைட்டரை நீட்டும்போதும் மாதேஸ்வரி, "வந்துட்டீங்களா?" என்று கேட்பாள். "வந்துட்டேம்மா" என்று பதில் சொன்னால்தான் லிபியா டோக்கனைக் கொடுப்பார். எல்லாரும் வந்தானதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பலகையைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆணியில் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.