தளபதியின் மனைவி மூன்று முறை செத்த கதை

என் வீட்டுக்காரர் என்னை மூன்று முறை கொன்றார். மூன்று முறையும் ஞாயிற்றுக்கிழமை, மூன்று முறையும் ஊரறிய. அந்த ஞாயிறு மலர்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன, நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

பதற வேண்டாம். மனிதர் சாது. மலேசியாவில், ஈப்போ பக்கம் லகாட்டில் ஓர் ஈயச் சுரங்கத்தில் ஸ்டோர் கிராணியாக இருந்தார். நட்டு, போல்ட்டு, கிரீஸ் டின் எடுத்துக் கொடுத்து எழுதி வைக்கிற வேலை. வேலை முடிந்து வந்தால் விண்வெளிக்குக் கிளம்பிவிடுவார். எழுபதுகளின் நடுவில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் விண்வெளித் தொடர்கதை ஆரம்பித்தார். பன்னிரண்டு வாரம் என்று பேச்சு. எண்பதுகளின் நடுப்பகுதி வரை இழுத்துவிட்டார். கதையில் ஒரு தளபதி, அவருக்கு ஒரு கப்பல், கப்பலில் அவருடைய மனைவி. கப்பலின் எஞ்சின் அறை அச்சு அசலாக இவருடைய சுரங்கத்துப் பம்புக் கொட்டகை. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகிற கப்பலில் டீசல் வாடை எதற்கு என்று கேட்டால், "உனக்கு அதெல்லாம் புரியாது, சும்மா இரு" என்பார்.

தளபதியின் மனைவி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இடது தாடையில் மச்சம், கோபம் வந்தால் இடுப்பில் கை, மீன் குழம்பில் அன்னாசி போடுகிற பழக்கம். எல்லாம் நான்தான். என்னைக் கேட்டா போட்டார்?

அவருடைய கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பத்திரிகையில் அச்சுக் கோர்ப்பவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அதனால் வாராவாரம் தையல் வேலைக்கு நடுவே நான்தான் நல்லபடியாகப் பிரதி எடுத்துத் தபாலில் சேர்ப்பேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைதான் படித்தேன் என்றாலும் என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். இதில் ஒரு வில்லங்கம். அவர் எழுதியது அவருக்கு மறந்துவிடும், எனக்கு மறக்காது. "போன வருஷம் தளபதிக்கு அப்பா இல்லேன்னு எழுதினீங்களே, இப்போ அப்பா லெட்டர் போடுறாரே?" என்று கேட்பேன். அவர் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்ப்பார். பிறகு, அப்பா சாகவில்லை, செத்ததாக எதிரிகள் வதந்தி கிளப்பினார்கள் என்று எழுதிவிடுவார். அது எப்போதுமே அப்படித்தான் இருந்தது போல ஒரு முகத்தை வைத்துக்கொள்வார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

என்னைவிட மோசமான ஆள் ஒருவர் இருந்தார். சிம்பாங் பூலாயில் கல் குவாரி லாரி ஓட்டுகிற ஒரு வாசகர். ஒரு வாரம்கூட விடாமல் தபால் அட்டை போடுவார். வணக்கம், நலம் எதுவும் கிடையாது, நேராகக் குற்றச்சாட்டுதான். "முதல் வாரம் அந்தக் கிரகத்துக்கு இரண்டு நிலா. நேற்று மூன்று. எது சரி?" இவருக்கு மூக்கு சிவந்துவிடும். அடுத்த ஞாயிறே, மூன்றாவது நிலா இத்தனை வருடமாக இரண்டாவது நிலாவுக்குப் பின்னால் மறைந்திருந்தது என்று ஒரு விஞ்ஞானி கண்டுபிடித்தார்.

இந்தக் கூத்தையெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் விடவில்லை. கதையில் பிறந்த ஒரு குழந்தையை, அப்படி ஒரு குழந்தை பிறக்கவே இல்லை என்று எழுதிவிட்டார். அதற்கு நான் போட்ட சண்டையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் செத்ததை முதலில் சொல்லாவிட்டால் அது விளங்காது.

முதல் சாவு நெத்திலிச் சம்பலால் வந்தது. அவங்க அம்மா வைப்பது போல இல்லை என்றார். அப்படியானால் அங்கேயே போய்ச் சாப்பிடுங்கள் என்றேன். அந்த ஞாயிறு தளபதியின் மனைவியை ஒரு மரம் விழுங்கியது. இரண்டு வாரம் கழித்து ஈப்போவிலிருந்து எனக்காகக் கோழிச்சோறு தப்பாவ் பண்ணிப் பொட்டலமாகக் கொண்டு வந்தார், சமாதானம் ஆனோம். மரம் அவளைத் துப்பிவிட்டது. மனித வாடை அதற்குப் பிடிக்கவில்லையாம்! இரண்டாவது முறை நான் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் ஒரு மாதம் இருந்தேன், அவள் பனிப் பாறைக்குள் உறைந்து செத்தாள். நான் திரும்பி வந்ததும் பனி உருகியது.

மூன்றாவதுதான் பெரிய சாவு. அவர் எழுதி வைத்திருந்த தாள்களைப் பழைய தாள் என்று நினைத்து, வாசலில் விரித்து அதன்மேல் கருவாடு காயப் போட்டுவிட்டேன். மனிதர் எழுத உட்கார்ந்தார். கப்பலையே வெடிக்க வைத்துவிட்டார். பத்திரிகையில் ஓவியருக்கு மாதிரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் எங்கள் கல்யாணப் படத்தை அனுப்பியிருக்கிறார். ஆசிரியர் அதோடு விட்டாரா? வாசகர்கள் கலங்க வேண்டும் என்று, வரைந்த படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டு, மேலே விளக்கு, கீழே மலர்வளையம் என்று நினைவஞ்சலி விளம்பரம் போலவே அரைப் பக்கத்துக்கு அச்சடித்துவிட்டார்.

பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்தில் இவருடைய பெரியம்மா தேங்காய் உரிக்கிற வேலையில் இருந்தார். நானும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பத்திரிகையில் கறுப்புக் கட்டத்தை மட்டும் ஒரு ஞாயிறு தவறாமல் பார்ப்பார், தெரிந்தவர் யாராவது போய்விட்டார்களா என்று.

திங்கட்கிழமை காலை நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. எங்கள் வீட்டு வரிசையில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்தேன். நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருக்கலாமா? கையைக் கழுவிக்கொண்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டு ஓடினேன். ஆறு பெண்கள் தோளோடு தோள் கட்டி, தலை குனிந்து அழுதுகொண்டிருந்தார்கள். நானும் நடுவில் புகுந்து கட்டிக்கொண்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். கொஞ்சம் ஓய்ந்த பிறகுதான் பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அந்த அம்மா தலை நிமிர்ந்தார். பெரியம்மா!

"நீதான்டி செத்துப் போயிட்டே!" என்று அலறினார்.

அப்புறம் என் கன்னத்தைத் தொட்டார், மச்சத்தைத் தடவினார், ஓங்கி முதுகில் ஒன்று வைத்தார். "தெலுக் அன்சன்ல பஸ் மாறையில எனக்கு மயக்கமே வந்துருச்சுலா. ஒரு மலாய்க்காரம்மா தண்ணி வாங்கிக் கொடுத்திச்சு. வழி பூரா அழுதுகிட்டு வாரேன், நீ இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறே!"

"மன்னிச்சுக்குங்க பெரியம்மா" என்றேன். உயிரோடு இருந்ததற்கு வேறு என்ன சொல்வது?

என்னை மஞ்சள் தண்ணீரில் குளிக்க வைத்து, மிளகாய் உப்பு சுற்றிப் போட்டார்கள். பிறகு தென்னந்தோட்டத்திலிருந்து அழ வந்த ஆறு பேருக்கும் நான்தான் சமைத்தேன். மத்தியானம் இவர் சைக்கிளில் சாப்பிட வந்தார். பெரியம்மா காதைப் பிடித்துத் திருகினார்.

"எழுப்புடா அவள!"

"கப்பலே வெடிச்சிருச்சு பெரியம்மா."

"அவ கப்பல்ல இல்லேன்னு எழுது."

"இருந்தான்னு நேத்து வந்துருச்சே."

"அது அவ இல்ல, அவளாட்டம் செஞ்சு வச்ச பொம்மைன்னு எழுதுடா. இதுகூடத் தெரியல, இவன் கதை எழுதுறானாம்!"

அடுத்த ஞாயிறு, வெடித்தது மனைவியைப் போலவே செய்த இயந்திரம் என்று தெரியவந்தது. வாசகர்கள் ஆகா என்றார்கள், ஆசிரியர் கடிதம் போட்டுப் பாராட்டினார். இவரும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

கல்யாணமாகி ஆறாம் வருடம் எனக்கு நாள் தள்ளிப்போனது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாம் மாதத்திலேயே தளபதிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. பெரியம்மா செய்தி கேட்டுக் கொதித்துப் போனார். "பொறக்கறதுக்கு முந்தி தொட்டில்கூட வாங்கக் கூடாதும்பாங்க, இவன் பேப்பர்லயே போட்டுட்டான்! பேரு மட்டும் வச்சிராதேடா." அதனால் கதையில் அவள் வெறும் பாப்பாதான். சரியான அழுகைக்காரி. அவள் அழுத சத்தத்தில் பக்கத்துக் கப்பல்காரன் விழித்துக்கொண்டு சண்டைக்கு வந்தான். நான் சிரித்துச் சிரித்துப் பிரதி எடுத்தேன்.

என் மகள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். நாலு நாள் இருந்தாள். ஒரு முறை கையில் கொடுத்தார்கள். அழுதாள். சின்னக் குரல்தான், ஆனாலும் பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அக்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். நாலாம் நாள் போய்விட்டாள்.

பச்சைப் பிள்ளைக்கு ஒப்பாரி கிடையாது, காரியம் கிடையாது, படம் கிடையாது. எங்கள் வழக்கம் அப்படி. உயிரோடு இருந்த எனக்காக வழியெல்லாம் கதறிக்கொண்டு வந்த பெரியம்மா, அவளுக்காக வந்தபோது சத்தமே இல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போகும்போது என் தலையைத் தடவி, "நடக்கவே இல்லேன்னு நெனச்சுக்க தாயி" என்றார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. 

ஆனால் கதையில் பாப்பா இருந்தாள். இவர் அவளைப் பற்றி எதுவும் எழுதவில்லை, தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று மட்டும் ஒரு வரி வரும். ஆறு மாதத்துக்கு மேல் தூங்கினாள். குண்டு வெடித்தபோதும் தூங்கினாள். நான் அந்த ஒரு வரியைப் பிரதி எடுப்பதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

ஒரு வாரம் அவரே பிரதி எடுத்து, என்னிடம் காட்டாமல் தபாலில் போட்டுவிட்டார். ஞாயிறு பத்திரிகையைப் பிரித்தேன். கப்பலின் மருத்துவர் தளபதியின் மனைவியிடம் சொல்கிறார்: "ஒரு கிரகத்தின் வாயுவைச் சுவாசித்ததால் உங்களுக்கு வந்த கனவு அது. குழந்தை பிறக்கவே இல்லை."

பத்திரிகையைச் சுருட்டி அவர் மேல் எறிந்தேன்.

"ஒனக்காகத்தான்லா செஞ்சேன்," என்றார். "வாராவாரம் ஒன் கையால அவளப் பத்தி எழுதறியே, பாக்க முடியல."

"அப்பாவ எழுப்புனீங்க, நிலாவ வச்சீங்க, என்னய மூணு தடவ கொன்னீங்க. ஏதாச்சும் சொன்னேனா? இவள எப்படி இல்லேன்னு சொல்லுவீங்க? யாரக் கேட்டு?"

 நான்கு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சோறு போடுவேன், சாப்பிடுவார்.

வியாழக்கிழமை சிம்பாங் பூலாய் அட்டை வந்தது. "குழந்தை அழுத சத்தத்தில் பக்கத்துக் கப்பல்காரன் விழித்தான் என்று முன்பு எழுதினீர்கள். அது இந்த அம்மாளின் கனவு என்றால், அவனுக்கு எப்படிக் கேட்டது?"

இவர் படித்துவிட்டு, "இவனுக்கு வேற வேலையே இல்லயா" என்று மேசையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். நான் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் போன நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதேன். கேட்டதே. பக்கத்துக் கட்டில்வரை கேட்டதே!

அந்த வாரத்து அத்தியாயம் பிரதி எடுக்க மேசையில் கிடந்தது. எடுத்தேன். கடைசியில் அவர் எழுதாத நாலு வரி சேர்த்தேன். மருத்துவர் சொன்னது பொய். வாயுவும் இல்லை, கனவும் இல்லை. குழந்தை பிறந்தாள், அழுதாள், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது. இனிமேல் யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது. ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, பாதியில் விட்ட ரவிக்கைக்குக் கொக்கி வைத்தேன்.

ஞாயிறு காலை அவர் பத்திரிகையைப் பிரித்தார். நான் கையில் கரண்டியோடு நின்றேன், ஏதாவது சொன்னால் ஒரு கை பார்ப்பது என்று. கடைசி வரிகளுக்கு வந்ததும் நிறுத்தினார். மறுபடி மேலிருந்து படித்தார். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் சைக்கிளைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. 

மறுநாள் வேலை விட்டு வந்து எழுத உட்கார்ந்தார். இரண்டு வரி எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். இத்தனை வருடத்தில் எழுதுவதற்கு முன்னால் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குத் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஏம்புள்ள, இந்நேரம் அவளுக்குப் பல்லு மொளச்சிருக்குமா?"

ஆஸ்பத்திரியில் அவள் பிறந்த நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினேன்.

"ஏழு மாசம் முடிஞ்சிருச்சுங்க," என்றேன். "கீழ ரெண்டு பல்லு வந்திருக்கும்."

அவர் அப்படியே எழுதினார்.