நாக்கோரத்துக் கட்டி

நான் மருத்துவன் அல்ல. மத்திய அமைச்சகம் ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். படித்தவனுக்கு எந்த விஷயத்தைப் பற்றியும் கால் மணி நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட முடியும் என்கிற திமிர் அந்த வேலையோடு வந்தது. ஓய்வூதியத்தைப் போல அதுவும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. அந்தத் திமிரால் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தேன். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

டெல்லி ஜங்புராவில் எங்கள் வீட்டைச் சுற்றி நாலைந்து தெருக்களுக்குள் ஒரு டஜன் தமிழ் வீடுகள். எல்லாம் ஓய்வு பெற்ற அரசாங்கத் தலைகள். எங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு. காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ, முழங்கால் வலிக்கு வெந்தயம், நிதியமைச்சருக்கு இலவச ஆலோசனை என்று நாள் முழுக்க அலறும். இந்த வீடுகளில் நான்குக்கு வடிகால் ஓரத்துத் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பிலிருந்து ஒரு பெண் சமைக்க வந்துகொண்டிருந்தார். விழுப்புரம் பக்கத்துக் குடும்பம்; பிறந்ததே டெல்லியில். நாற்பது வயதிருக்கும். அன்றெல்லாம் அவரை ‘அவள்’ என்றுதான் சொல்வேன்.

ஒரு நாள் காலை நான் கூடத்தில் யோகாசனம் செய்துகொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள்: “சார் சவாசனம் மட்டும் பிரமாதமா பண்ணுவாக. அது ஆபீஸ்லயே பழகினதுல்லா.”

அந்தப் பெண் வாய் விட்டுச் சிரித்தார். எனக்கு ரோஷம். எழுந்து போய்ப் பார்த்தபோது அவர் சிரிப்பை நிறுத்தியிருக்கவில்லை. நாக்கின் இடது ஓரத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு உருண்டை தெரிந்தது.

“நாக்கை நீட்டு,” என்றேன்.

கரண்டியும் கையுமாக நீட்டினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பவன்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பான்.

“எத்தனை நாளா இருக்கு?”

“நாலஞ்சு மாசமா சார். இந்தப் பக்கம் கடவாப்பல்லு உடைஞ்சு கூரா நிக்குது. பேசச்ச, திங்கச்ச அதுலயே பட்டுப் பட்டு சதை வெச்சிடுச்சி. வலி கிலி ஒண்ணும் இல்ல.”

“புகையிலை போடுவியா?”

“வெத்தலை போடுவேன் சார். கல்யாணம், காதுகுத்துன்னா.”

எனக்கு அது போதுமானதாக இருந்தது. கைபேசியில் கால் மணி நேரம் தேடினேன். பயமுறுத்தும் படங்களாகப் பொறுக்கிப் பார்த்தேன். பிறகு சமையலறை வாசலில் நின்று, புற்றுநோயாக இருக்கும் என்று அறிவித்தேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“உங்களுக்கு யாரு ஸ்டெதாஸ்கோப்பு மாட்டிவிட்டா?” என்றாள் மனைவி. “அவ எப்பிடிப் பயப்படுதா பாருங்க.”

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்: “நான் சர்க்கார் ஆஸ்பத்திரில காட்டிடறேன் சார். அதுக்குள்ள மத்த வீட்ல சொல்லிடாதீங்க. சமைக்கறவ வாயில இந்த நோவுன்னா யாரு வெச்சிப்பாங்க?”

“சரி,” என்றேன்.

அன்று மதியமே குழுவில் எழுதினேன். ‘நமது பகுதியில் சில வீடுகளில் சமையல் செய்யும் பெண்மணி ஒருவருக்கு வாயில் கடுமையான நோய் இருக்கக்கூடும் எனத் தெரிய வருகிறது. உறுப்பினர்கள் உரிய முன்னெச்சரிக்கை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ யாருக்குத் தெரிய வந்தது, யார் கேட்டுக்கொண்டது என்று எதுவும் அதில் இராது. அப்படி எழுதத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அது புற்றாகவே இருந்தாலும் சாம்பார் வழியாகத் தொற்றாது. குழுவில் பொறியாளர்கள் இருந்தார்கள், முனைவர் பட்டம் வாங்கியவர் இருந்தார். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. வரிசையாகக் கூப்பிய கைகள் வந்து விழுந்தன. ஒருவர் ‘தக்க சமயத்தில் சொன்னீர்கள்’ என்று பாராட்டினார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு வாரத்துக்குள் மூன்று வீடுகள் அவரை நிறுத்திவிட்டன. காரணம் சொல்லும் யோக்கியதைகூட யாருக்கும் இல்லை. ஒரு வீட்டில் மகள் வந்திருக்கிறாள், அவளே சமைக்கிறாள் என்றார்கள். அந்த மகள் இருப்பது அமெரிக்காவில். நிறுத்தக் கூடாது என்று என் மனைவி பிடிவாதமாக இருந்ததால் எங்கள் வீடு மட்டும் மிஞ்சியது. எழுதியது யார் என்று அவருக்குத் தெரிந்த மறுநாள் அதுவும் முடிந்தது. வரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றுகொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார். அரசு மருத்துவமனையில் கட்டியை எடுத்து, சோதனைக்கு அனுப்பி வாங்கிய அறிக்கை.

“கேன்சர் இல்லன்னு எழுதியிருக்காங்க சார். நீங்க போட்ட எடத்துலயே இதையும் போட்டுடுங்க. அது போதும்.”

ஒரு வரி விடாமல் படித்தேன். ஃபைப்ரோமா என்கிற சாதாரணச் சதைக்கட்டி. புற்றின் அடையாளம் ஏதுமில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் ஆங்கிலம்.

“பார்க்கலாம்மா,” என்றேன்.

டெல்லி அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருள் தெரியும். கோப்பை மறுக்கவும் மாட்டோம், நகர்த்தவும் மாட்டோம். அது தானாக உயிரை விடும்வரை மேசை ஓரத்தில் வைத்திருப்போம். இதைப் போட்டால் முதலில் போட்டது தவறு என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அது என்னால் ஆகவில்லை. அவர் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டார். “பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றேன். மூன்றாவது முறை நான் எடுக்கவில்லை. “என்னத்தைத்தான் பாக்கியளோ,” என்று சொல்லிவிட்டு மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மறு வருஷம் வடிகால் ஓரத்திலிருந்த கேம்ப்பை இடித்தார்கள். அவர் குடும்பத்துக்கு ஊரின் வடகோடியில், நரேலாவில் வீடு கிடைத்ததாக மனைவி கேள்விப்பட்டாள்.

சென்ற குளிர்காலத்தில் என் நாக்கில் ஒன்று வந்தது. வலது ஓரம், பட்டாணி அளவு. டாக்டரிடம் போவதற்குள் நான் கண்ட நரகத்தை விவரிக்க மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு அதை நான் கால் மணி நேரத்தில் தயாரித்துக் கொடுத்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியில் நாக்கை இழுத்து இழுத்துப் பார்த்ததில், பின்பக்கத்தில் வரிசையாக இன்னும் பல மேடுகள் தெரிந்தன. பரவிவிட்டது என்றே முடிவு கட்டினேன். மனைவியிடம்கூட மூன்று வாரம் சொல்லவில்லை. குழுவுக்கும் நான் எதையும் தெரிவிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உறுப்பினர்களின் முன்னெச்சரிக்கை பற்றிய அக்கறை அப்போது எனக்கு எழவில்லை.

கடைசியில் மனைவிதான் இழுத்துப் போனாள். டாக்டர் ஒரு பஞ்சாபிப் பெண், என் பேத்தி வயது. “அங்கிள்ஜி, டென்ஷன் மத் லீஜியே,” கவலைப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே விரலால் என் பல்செட்டைத் தடவிப் பார்த்தார். அதன் கம்பி ஒன்று வளைந்து நாக்கில் உரசிக்கொண்டிருந்தது. ஓயாமல் உரசினால் செருப்புக் கடித்த இடம் காய்த்துப்போவதைப் போல நாக்கிலும் சதை திரளும் என்றார். அது புற்றல்ல, சாதாரணமாகப் புற்றாக மாறவும் மாறாது. ஆனால் உரசுவதைச் சரிசெய்யாமல் கட்டியை மட்டும் வெட்டினால் திரும்ப வரும். சிலருக்கு மரு வரும், சிலருக்கு எச்சில் அடைத்து நீர்க்கட்டி வரும். நாக்கின் பின்பக்கம் நான் கண்ட மேடுகள் எல்லா மனிதருக்கும் பிறவியிலேயே உள்ளவை. ஆனாலும் எதையும் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்லக் கூடாது, இரண்டு மூன்று வாரத்தில் மறையாவிட்டால் காட்டிவிட வேண்டும், எடுத்துச் சோதித்துத்தான் பேச வேண்டும் என்றார்.

இதில் பாதியை அந்தப் பெண் அன்றே கரண்டியும் கையுமாக என்னிடம் சொல்லியிருந்தார். தன் நாக்கை அறிந்தவர் சொன்னதைவிடக் கைபேசியை நம்பியவன் நான்.

மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள், இரண்டு தையல். அறிக்கையில் அதே ஃபைப்ரோமா.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினேன். இந்த முறை ‘நான்’ என்றே எழுதினேன். நான் சொன்னது தவறு, அவருக்கு அந்த நோய் இல்லை, அறிக்கையைப் படித்தும் ஒளித்து வைத்தேன் என்று எழுதினேன். நாலு கட்டைவிரல்கள் உயர்ந்தன. அன்று பாராட்டியவரே ‘உங்கள் பெருந்தன்மை’ என்று போட்டார். அடுத்த நிமிடம் வெந்தயம் வந்துவிட்டது. ஒரு வீட்டார் மட்டும், அந்தப் பெண் திரும்ப வந்தால் சேர்த்துக்கொள்கிறோம், அவர் செய்யும் அடை வேறு யாருக்கும் வரவில்லை என்றார்கள்.

இந்தச் செய்தியோடு அவரை அழைத்தேன். உத்தரவு வாங்கி வந்தவனின் குரலில் பேசினேன் என்று நினைக்கிறேன். குழுவில் போட்டுவிட்டேன், ஒரு வீடு தயார் என்றேன். எனக்கும் அதே கட்டிதான், இரண்டு தையல் என்றேன்.

மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“இங்கேருந்து ஜங்புரா வரதுக்கு ரெண்டு பஸ்ஸு, ஒரு மெட்ரோ சார்,” என்றார். “நான் வந்து சேர்றதுக்குள்ள அவங்க சாப்ட்டு கை கழுவிடுவாங்க. இப்ப ஃபேக்டரில பேக்கிங் போறேன். சமையலை வுட்டுட்டேன்.”

“அப்பவே போட்டிருக்கணும்,” என்றேன்.

“ஆமா சார். அப்ப போட்டிருந்தீங்கன்னா அந்த வருஷம் பையனைப் படிப்புலேருந்து நிறுத்தியிருக்க மாட்டேன்.” குரலில் கோபம் இல்லை. “வெச்சிடறேன் சார், சூப்பர்வைசர் வரான்.”

வைத்துவிட்டார். குழுவைப் பற்றிச் சொன்னேன், வேலையைப் பற்றிச் சொன்னேன், என் தையலைப் பற்றிக்கூடச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அதை மட்டும் விட்டுட்டியளே,” என்றாள். மறுநாள் மதியம் கூப்பிட்டேன், அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. அவர் எடுக்கவில்லை.