கராஜில் ஐந்து கிழமை

என் குரலை ஹெட்போனில் முதல்தரம் கேட்டபோது எனக்கு அருவருத்தது. மூக்கடைத்த ஒருவன் வாளிக்குள் தலையை விட்டுக் கதைப்பது போல இருந்தது. இருபது வருடமாகக் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனைக்கு இதே குரலால்தான் பாடி வந்திருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. எங்கள் சனம் அவ்வளவு பொறுமையான சனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. மெல்பேர்ன் பக்கம் டண்டினொங்கில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஓட்டும்போது வாய்க்குள் பாட்டு வரும். எல்லாம் முருகன் பாட்டுத்தான். தேநீர் இடைவேளையில் கிழிந்த பெட்டி மட்டையில் எழுதி, மடித்து, ஜாக்கெட் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். அதை ரெக்கோர்ட் பண்ண வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. கோயில் கமிற்றியில் இருக்கும் அங்கிள்தான் அதைக் கிளப்பிவிட்டார்.

"தேர்த் திருவிழாவண்டு சுவாமி வெளியில வர முன்னம், எங்கட ஆக்கள் எழுதின பாட்டுகளை ஸ்பீக்கரில போடப் போறம் தம்பி. உங்கட ஒண்டையும் தாங்கோ. ஆனா ஃபோனில எடுத்து அனுப்பாதையுங்கோ. போனமுறை ஒராள் அனுப்பினவர், பின்னால மிக்சியும் சேர்ந்தெல்லோ படிச்சது!"

தேர் வீதியில் நிற்கும் அத்தனை சனத்துக்கும் என் பாட்டுக் கேட்கப் போகிறது. அந்த ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. மைக் வாங்கினேன். யூடியூப்பில் வீடியோக்கள் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத, வீதிச் சத்தம் வராத ஒரே அறை சாமியறைதான். அதற்குள் மைக்கைக் கொண்டுபோய் வைத்துப் பாடினேன். போட்டுக் கேட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்டது. யூனிவர்சிட்டியில் படிக்கும் மகள் வாசலில் நின்று ஒருதரம் கைதட்டிப் பார்த்தாள்.

"இட்ஸ் த கிளாஸ், அப்பா. சத்தம் எல்லாப் படக் கண்ணாடியிலயும் பட்டுத் திரும்பி வருது."

சுவர் முழுவதும் சாமிப் படங்கள். பதினொரு படம். எல்லாவற்றுக்கும் கண்ணாடி.

படங்களை நான் சும்மா கழற்றவில்லை. முழுகி, வேட்டி கட்டி, திருநீறு பூசித்தான் கழற்றினேன். கோயில் திருப்பணி நடக்கும்போது சுவாமியை வேறோர் இடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள் அல்லவா, பாலஸ்தாபனம் என்று? இதுவும் அப்படித்தான் என்று மனைவிக்கு விளக்கம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எத்தினை நாளைக்கு?"

"மூண்டு நாள். கூடினா நாலு."

கார் விடும் கராஜில் பழைய மேசையொன்றில் வெள்ளைத் துணி விரித்துப் படங்களைச் சாத்தி வைத்தேன். விளக்கும் மணியும் அங்கேயே போயின. சாமியறையில், படங்கள் தொங்கிய அதே ஆணிகளில் குளிர்காலப் போர்வைகளைக் கொழுவினேன். எதிரொலி நின்றது. எனக்கு அப்போது பெருமையாகவும் இருந்தது.

மூன்று நாள் ஐந்து கிழமையானது, முப்பத்தைந்து நாள். எனக்கு மத்தியான வேலை என்பதால் காலையில்தான் பாடலாம். ஒருநாள் தொண்டை கட்டியிருக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டுவான். பாட்டின் முதல் வரி இது:

வீட்டுக்குள் இருப்பவனே, வேலவனே, உனை
வெளியில் எங்கும் தேட மாட்டேன்.

குசினியில் சமைத்தபடி மனைவி ஒருநாள் சொன்னாள்: "எந்த வீடெண்டும் சேர்த்துப் படியுங்கோ. ரோலர் டோர் போட்ட கராஜ் வீடு."

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பவும் போர்வை அறைக்குள் போனேன்.

ஒரு சனிக்கிழமை, கடவுளே என்று குரல் நன்றாக வந்தது. கடைசி வரி வரைக்கும் ஒரு பிசகும் இல்லை. கடைசி வரியில் நிற்கும்போது சுவருக்கு அந்தப்பக்கம், கராஜில், கிணி கிணி என்று மணி. மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வேலைக்குப் போகமுன் விளக்கேற்றி மணி அடிக்காமல் ஒருநாளும் வெளிக்கிட்டதில்லை. நான் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினேன்.

"உந்த மணியை நிப்பாட்டும்! எல்லாத்தையும் நாசமாக்கிப் போட்டீர்!"

மணி நின்றது. கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பதிவை ஆத்திரத்தில் அழித்தேன். அதன்பிறகு ஒருநாளும் மணிச்சத்தம் வரவில்லை. நல்லது, பூசையைச் சுருக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே நினைத்தேன், மறைப்பானேன்.

பிறகு எடுத்த பதிவொன்றைக் கொம்பியூட்டரில் போட்டுச் செதுக்கத் தொடங்கினேன். மூச்சுச் சத்தத்தை வெட்டினேன். சுருதி இறங்கிய இடங்களைத் தூக்கி நிறுத்தினேன். இருமலை எடுத்தேன். முடிவில் யாரோ முப்பது வயது ஆள் பாடுவது போல வந்தது. தேருக்கு முந்திய வியாழக்கிழமை அனுப்பினேன். அங்கிள் உடனே ஃபோன் எடுத்தார்.

"தம்பி, இது உண்மையா நீங்கள் படிச்சதோ? நம்பேலாமக் கிடக்கு! சீடி மாதிரி!"

அந்தச் சந்தோசத்தோடு படங்களை எடுத்துவரக் கராஜுக்குப் போனேன்.

நடுவில் இருந்த முருகன் படத்தின் கண்ணாடியில், முகத்துக்குக் குறுக்கே, கஞ்சி வடிந்து காய்ந்தது போல ஒரு மினுங்கல் கோடு. ஓடில்லாத நத்தை ஊர்ந்த தடம். படத்தைத் தூக்கினால் பின்பக்கத்தில் அதுவே ஒட்டிக்கொண்டிருந்தது, மண்ணிறத்தில், விரல் தடிப்பில். எனக்குக் குமட்டியது. மழை ஈரம் கண்ணாடிக்குள் ஏறி, மயிலின் கால் வரைக்கும் கறுப்புப் பூஞ்சணம் பிடித்திருந்தது. மேசையிலிருந்து இரண்டடியில் என் வேலைச் சப்பாத்துகள். தினமும் வேலை முடிந்து வந்து அவற்றை அங்கேதான் கழற்றியிருக்கிறேன். காலுறை நாற்றத்தோடு, சாமியைத் திரும்பியும் பாராமல், சுருதியை யோசித்தபடி உள்ளே போயிருக்கிறேன்.

ஆனால் மேசையில் அன்றைய பூ இருந்தது. வாடிய பூ ஒன்றுகூட இல்லை. திரி புதிது. பக்கத்தில் மணி, அதன் நாக்கில் ஒரு குசினித் துணி சுற்றி நூலால் கட்டியிருந்தது. தூக்கி ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. அவள் பூசையைச் சுருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் மணி அடித்திருக்கிறாள்.

நத்தையைப் பார்த்து வந்த குமட்டல் அப்போது என் பக்கம் திரும்பியது.

அங்கே நின்றபடியே அங்கிளுக்கு ஃபோன் எடுத்தேன். "பாட்டைப் போடாதையுங்கோ அங்கிள்."

"ஏன் தம்பி? என்ன குறை? ஒரு இரைச்சல்கூட இல்லையே!"

"அதுதான் அங்கிள் குறை. தயவுசெய்து எடுத்துவிடுங்கோ."

"விசர்க் கதை கதையாதையுங்கோ. ப்ரோக்ராமில பேரும் போட்டாச்சு."

மூன்று தரம் கெஞ்சிய பிறகு, கோபத்தோடு ஓம் என்றார். இனி என்னிடம் பாட்டுக் கேட்க மாட்டார்.

போர்வைகளை இழுத்து எறிந்தேன். படங்களைத் துடைத்துத் துடைத்து ஆணிகளில் மாட்டினேன், விளக்கையும் மணியையும் பழைய இடத்தில் வைத்தேன். கண்ணாடி துடைபட்டது, உள்ளே இருந்த பூஞ்சணம் அப்படியே இருந்தது. அடுத்தநாள் விடிய மனைவி வேலை உடுப்போடு சாமியறை வாசலுக்கு வந்தாள். மயிலின் காலைப் பார்த்தாள். விளக்கேற்றினாள். மணியைக் கையில் எடுத்து, துணியில் இருந்த நூலை அவிழ்க்கப் போனவள், மூலையில் நின்ற மைக்கைப் பார்த்ததும் நிறுத்தினாள். வயரை நான் முதல்நாளே கழற்றிவிட்டது அவளுக்குத் தெரியாது.

"இஞ்சேருங்கோ," என்றாள் மெதுவாக, "இப்ப அடிக்கலாமோ?"

நக்கலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உண்மையாகவே அனுமதி கேட்டாள்.