தேங்காய் வந்தது, ஆள் வரவில்லை

காளியம்மாவை நம்பி வாழும் என் சொந்தங்களுக்கு வணக்கம். எனக்கு அலங்காரமாகச் சொல்லத் தெரியாது. பட்டதைப் பட்டபடி எழுதுகிறேன்.

நான் ஜவ்வாது மலைக்காரி. சாமைப் பயிரைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்தேன். எங்கள் ஊரில் பதினோரு வீட்டு நிலங்களில் விளைச்சலை அளந்து எழுதி வந்தேன். கடைசி அறுவடை ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில், போன புரட்டாசியில், என் ஊரே என்னைத் துரோகி என்றது.

காரணம் ஒரு பயிற்சி வேலை. படித்தவர்கள் எல்லோருக்கும் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைக்காது, அதனால் ஆராய்ச்சி மாணவர்கள் மூன்று மாதம் வெளியே வேலை பழகலாம் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். மலையடிவாரத்தில் சிறுதானிய மாவு அரைக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். மேனேஜர் சுரேஷும் முனைவர் பட்டம் வாங்கியவர்தான். "நானும் உன்ன மாதிரி கஷ்டப்பட்டவன்தாம்மா தங்கச்சி" என்பார். கூடப் பிறந்த அண்ணனாகவே நினைத்தேன். ஊரில் கேட்டு வாங்கிய விதைச் சாமையைச் சோதனைக்கென்று கொடுத்தேன். "சும்மா பாத்துட்டுத் தர்றேன்" என்று என் குறிப்பு நோட்டையும் வாங்கிக்கொண்டார். ஆனியில் பயிற்சி முடிந்தது. நோட்டு திரும்பி வரவில்லை. அளவுகளைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன்.

புரட்டாசியில் அவரே ஊருக்கு வந்தார். கையில் ஒப்பந்தக் கட்டு. சாமையை அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் விற்க வேண்டும், விதையும் கம்பெனிக்கே சொந்தம் என்று அதில் இருந்தது. காளியம்மன் கோவில் முன்னால் கூடிய ஜனங்கள் தயங்கினார்கள்.

"உங்க ஊர்ப் பொண்ணுதாங்க ஊர் சார்பா ஒத்துக்கினு வெத குடுத்துச்சு. இப்ப இன்னாங்க யோசனை?" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பொய்! சோதனைக்குத்தான் குடுத்தேன்!" என்று கத்தினேன்.

ஊர்த் தலைவரான கவுண்டர் எழுந்தார். "அப்டின்னா அம்மா முன்னால கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க சார்."

சுரேஷ் மாட்டார் என்று நினைத்தேன். கொசு அடிப்பதுபோல உள்ளங்கையால் தட்டி அணைத்தார். நானும் அணைக்கிறேன் என்றேன். ஒரு வழக்குக்கு ஒருவர்தான் என்று விலக்கிவிட்டார்கள்.

முதலில் எனக்கு விதை கொடுத்த சின்னப்பொண்ணு அத்தை சொன்ன வார்த்தை இன்னும் சுடுகிறது. "வூட்டு வெதைய வித்துட்டு வந்துட்டியேடி! இனிமே என் நெலத்துல கால் வெக்காத." மற்ற பத்து வீட்டாரும் அதையே சொன்னார்கள். அப்பா தலை நிமிரவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு நான் தனியாகக் கோவிலுக்குப் போனேன். விளக்குகூட ஏற்றவில்லை. "உன் முன்னாலயே பொய் சொன்னான். நீ பாத்துக்கினு இருந்தியே! நீயும் அவன் பக்கமா?" என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். மறுநாளும் போனேன். ஏழு நாளும் போனேன். பட்டம் கேட்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று என் ஊருக்குத் தெரிய வேண்டும், அது ஒன்றைத்தான் கேட்டு அழுதேன்.

எங்கள் ஊரில் கற்பூரம் அணைப்பதோடு சத்தியம் முடியாது. எட்டாம் நாள் அதே ஆள் வந்து, அதே இடத்தில் தேங்காய் உடைத்தால்தான் செல்லும். அதுவரை கையெழுத்து கிடையாது. கவுண்டர் இதை சுரேஷிடம் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

எட்டாம் நாள் ஊரே கூடியிருந்தது. கம்பெனி வண்டி வந்தது. டிரைவர் மட்டும் இறங்கினார். ஒரு கையில் மாலையும் தேங்காயும், மறு கையில் ஒப்பந்தக் கட்டு.

"சாருக்கு மீட்டிங்குங்க. தேங்காய நீங்களே ஒடைச்சிக்குவீங்களாம், என்ன கையெழுத்து வாங்கினு வரச் சொன்னாருங்க."

"அவருக்குப் பதிலா நீ ஒடைக்கிறியாப்பா?" என்றார் கவுண்டர்.

டிரைவர் பின்னால் நகர்ந்தார். "அய்யோ, வேணாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுங்க."

சின்னப்பொண்ணு அத்தைதான் பேசினாள். "பொய் சொல்ல அவன், தேங்கா ஒடைக்க இன்னொருத்தனா?"

ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. அத்தை என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அறுப்பு வருது. தராசு எடுத்துக்கினு வாடி" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஐப்பசியில் பதினோரு வீட்டு நிலத்திலும் அளந்தேன். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். ஆனால் என் பழைய அளவுகளை சுரேஷ் தன் பெயரில் கம்பெனி அறிக்கையாகப் போட்டுக்கொண்டார். புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது அம்மாவிடம் சொல்லும் பொய். இப்போது பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகளோடு உட்கார்ந்து, கம்பெனிகள் நீட்டும் காகிதத்தை வரி வரியாகப் படித்துக் காட்டுகிறேன். ஊர்க்காரர்களும் எந்தக் காகிதம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நம்பியவரே கழுத்தறுத்த வேதனையில் யாராவது இதைப் படித்தால், அம்மாவிடம் போங்கள். பூ இல்லாவிட்டால் வெறுங்கையோடு போங்கள். கோபமென்றால் கோபத்தோடே போங்கள். அந்த ஏழு நாளும் அவள் எனக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. ஆனால் அவள் முன்னால் திரும்பத் திரும்ப வந்து நிற்க என்னால் முடிந்தது. அவனால் இன்னொரு முறை முடியவில்லை.