தாள் சொல்வதும் நாம் அறிந்ததும்

போடிநாயக்கனூர்ப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புத் தமிழாசிரியையான கிருபாராணி, எதையும் சரிபார்க்காமல் கரும்பலகையில் எழுதாதவர். சென்ற ஆண்டு வாசிப்பு அடைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தியபோது, முதல் பயிற்சிக்கு ஏலக்காயைப் பற்றிய பத்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பாதிப் பிள்ளைகளின் தாய்மார் மலையில் காய் எடுப்பவர்கள். தெரிந்த பொருளென்றால் வாசிக்கத் தயங்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

கணக்கு பொய்த்தது. ‘ஏலக்காயை எப்போது பறிக்கிறார்கள்?’ என்ற வினாவுக்கு முப்பத்தாறு பேரில் முப்பத்தொருவர் விடைத்தாளில் தவறான வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தனர்.

“செல்லக்கிளி, பத்தியில என்ன ஆத்தா போட்டிருக்கு?”

“நல்லாப் பழுத்த பெறகுன்னு போட்டிருக்கு டீச்சர். அது பொய்யி. பழுத்த காயி உலர்த்துறப்ப வெடிச்சுப்போகும். எங்கம்மாவக் கங்காணி திட்டியே கொன்னுருவாரு.”

“எழுதுனவரு மலைக்கு ஜீப்பு ஏறுனதே இல்ல போல,” என்றான் பின்வரிசை ஈஸ்வரன். வகுப்பே சிரித்தது.

கிருபாராணிக்குச் சிரிப்பு வரவில்லை. செல்லக்கிளியின் தாய் ராக்கு முந்தின வாரந்தான் பள்ளி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: “இந்தத் தடவையும் இவளுக்கு வாசிக்க வரலைன்னு சொல்லிட்டாங்கன்னா, எங்கூடவே மலைக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன் டீச்சர். அங்கயாவது சோலி பழகட்டும்.”

செல்லக்கிளி வாசிக்கத் தெரியாதவள் அல்லள், வாசித்து மறுத்தவள். வட்டத்தைக் கறுப்பாக்கும் தாளோ மறுப்பை அறியாது. ஆயினும் பொய்யை மெய்யென்று எழுதச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

மறுநாள் பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம் ‘தாள் சொல்வது’. வலப்பக்கம் ‘நாம் அறிந்தது’.

“கேள்வி கேக்குறது இடப்பக்கத்தை மட்டுந்தான். வட்டம் அதுக்கு. வலப்பக்கம் நமக்கு, அதை யாரும் அழிக்க வேண்டாம்.”

ஆறு வாரம் ஒவ்வொரு பத்தியும் அப்படியே இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கத்தில் எழுதப் பிழை பிடிப்பதற்காகவே பிள்ளைகள் இடப்பக்கத்தை ஊன்றி வாசித்தார்கள்.

தேர்வு முடிந்ததும் செல்லக்கிளி ஓடி வந்தாள். “டீச்சர், தமுக்கடிச்சா யானை ஓடிரும்னு பத்தி வந்துச்சு! தேவாரம் ஊருல எங்க மாமா விடிய விடிய அடிச்சாரு. அது நின்னு நிதானமா வாழையத் தின்னுட்டுத்தான் போச்சு.”

“வட்டம்?” என்றார் கிருபாராணி.

“ஓடிரும்ங்கிற வட்டத்தத்தான் கறுப்பாக்குனேன். யானைக்கா பரீட்சை?”

முடிவு வந்தபோது, வாசிப்பில் பின்தங்கியோர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ராக்கு இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள். கிருபாராணி அதற்குமுன்பே மூன்று முறை பார்த்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை மலைக்குப் போன ஜீப்பில் ராக்கு மட்டும் ஏறினாள்.