கட்டைவிரல் அளவு இழைப்புளி

என் சித்தப்பா நாமக்கல்லில் ஒரு முட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். சட்டைப் பையில் பேனா இருக்கும், கையில் டிபன் பை இருக்கும், உடம்பில் மரத்தூள் மட்டும் ஒருநாளும் இருக்காது. ஆனால் அவருடைய அறையில், கண்ணாடி போட்ட அலமாரிக்குள், இழைப்புளிகளாக அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் குட்டி இழைப்புளிகள். பித்தளையில் ஒன்று, கருங்காலியில் ஒன்று, மீன் போல வால் வைத்து ஒன்று. இருப்பதிலேயே பெரியது தீப்பெட்டி அளவு. சிறியதை அவர் கட்டைவிரலால் மறைத்துவிடலாம்.

இரண்டு வீடு தள்ளி அப்பாவின் பட்டறை. அப்பா லாரிக்குப் பாடி கட்டுகிறவர். அங்கே மரம் சீவுகிற இழைப்புளி என்றால் முழங்கை நீளம் இருக்கும். இரண்டு கையாலும் பிடித்து, உடம்பையே முன்னால் தள்ளினால்தான் நகரும். அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, சித்தப்பாவுக்குப் பார்சலில் வந்து இறங்கிய குட்டிகள் வேடிக்கையாக இருந்தன. எனக்கு அவை உயிர். நான் அப்போது நாலாம் வகுப்பு. அலமாரிச் சாவி இருக்கும் இடம் சித்தப்பாவுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும்.

சாப்பிட உட்கார்ந்தால் சண்டை தொடங்கிவிடும்.

"இதுல மரம் சீவ முடியுமாடா? வெண்டைக்கா வேணா சீவலாம்" என்பார் அப்பா.

"வயலின் செய்யறவிய இதுலதானுங்கண்ணா வேலை செய்யறாங்க. வளைவு, மூலை, பெரிய எழப்புளி போகாத எடம் எல்லாத்துக்கும் இதுதான்" என்பார் சித்தப்பா.

"நம்மூர்ல எத்தன பேரு வயலின் செய்யறாங்க?"

அம்மா நடுவில் புகுந்து, "ஏனுங்க தம்பி, பீட்ரூட்டுக்கு ஆகுமுங்களா?" என்று கேட்பாள். சித்தப்பா கோபித்துக்கொண்டு மோர் ஊற்றாமலேயே எழுந்து போவார். நான் எப்போதும் சித்தப்பா பக்கம். பெரிய காரணம் எதுவும் இல்லை. குட்டியாக இருக்கிற எதுவும் உபயோகமில்லாமல் போகாது என்று, வகுப்பிலேயே குள்ளமான நான் நம்ப வேண்டியிருந்தது.

சித்தப்பா பட்டறைக்குள் கால் வைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பதை அம்மா அரைகுறையாகச் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடம் முடித்ததும் அவர் அப்பாவிடம்தான் வேலைக்குச் சேர்ந்தாராம். ஒருநாள் நல்ல தேக்குப் பலகை ஒன்றை, நார் ஓடும் திசைக்கு எதிராக இழைத்து, மேலெல்லாம் பிசிறு பிசிறாகப் பெயர்த்துவிட்டார். வேலையாட்கள் எல்லோருக்கும் முன்னால் அப்பா, "உனக்கு மரம் ஆகாது, போடா" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு பட்டறை வாசலைத் தாண்டும்போதுகூட ரோட்டின் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பார். வீட்டில் அண்ணன் தம்பி ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், டிவி பார்த்தார்கள். பட்டறைப் பேச்சு மட்டும் வராது. வந்தால் அது வெண்டைக்காயாக வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புது வண்டி பட்டறையை விட்டுப் போக வேண்டியிருந்தது. வண்டிக்காரர் திருச்செங்கோட்டுப் பக்கம். மனைவியோடு காலையிலேயே வந்துவிட்டார். மாலை, பூசணிக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் வந்திருந்தன. எமகண்டம் பிறப்பதற்குள் வண்டி ரோட்டில் ஏறிவிட வேண்டும். கேபினுக்குள், டிரைவருக்கு எதிரே கண்ணாடிக்கு மேலே, அப்பா தேக்கில் ஒரு சாமி மாடம் செய்து வைத்திருந்தார். மேலே வளைவு, வளைவைச் சுற்றிப் பூ வேலை, உள்ளே சின்ன பல்பு. அவ்வளவு அழகான மாடம் அதற்கு முன் எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பூஜை பார்க்க நானும் போய், டிரைவர் பக்கத்துச் சீட்டில் முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டேன்.

வண்டிக்காரரின் மனைவி மடியிலிருந்து ஒரு பித்தளைப் பிள்ளையாரை எடுத்தார். பின்னால் திருவாசி வளைந்திருந்தது. மாடத்தில் வைக்கப் போனால், பிள்ளையார் போகிறார், திருவாசி போகவில்லை. இரண்டு பக்கமும் வளைவின் தோளில் இடித்தது. போனில் அளவு சொன்ன வண்டிக்காரர் பிள்ளையாரை மட்டும் அளந்து சொல்லியிருக்கிறார்.

"வேற சாமி படம் ஒட்டிக்கலாமுங்க" என்றார் மேஸ்திரி, அப்பாவின் பட்டறையில் மூத்தவர்.

"இல்லீங்க" என்றார் அந்த அம்மா. குரல் உயரவில்லை. "எங்க மொத வண்டி காட்டாத்துல உருண்டப்ப, வண்டி நசுங்கிப் போச்சுங்க. இவரு உசுரோட வந்தாரு. கையில இந்தப் பிள்ளையார் இருந்துச்சு. இது உக்காராம இந்த வண்டி நகரக் கூடாதுங்க."

மாடத்தைக் கழற்றலாம் என்றால் பின்னால் ஒயர் எல்லாம் இழுத்து, மேலே தகரம் அடித்து முடித்தாகிவிட்டது. பிரித்தால் சாயங்காலம் ஆகிவிடும். நெல்மணி கனத்துக்கு உள்வளைவைச் சீவினால் போதும். அப்பாவின் பெரிய இழைப்புளிக்கு அங்கே மூக்கைக்கூட நுழைக்க இடமில்லை. மேஸ்திரி உளியை வைத்து லேசாகத் தட்டினார். ஒரு சிம்பு பெயர்ந்து வந்தது. வண்டிக்காரரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டார். அப்பா மேஸ்திரியின் கையைப் பிடித்து நிறுத்தினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எப்போது முடியும் என்று யாரோ கேட்டார்கள். எமகண்டத்துக்குள் முடியாது என்பது கேட்டவருக்கே தெரிந்திருந்தது.

நான் சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினேன். "சித்தப்பாகிட்ட குட்டி எழப்புளி இருக்குது!"

மேஸ்திரி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு மாடத்தைப் பார்த்தார். நான் குதித்து ஓடினேன்.

சித்தப்பா வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்தார்.

"உங்கப்பா வரச் சொன்னாரா?"

"வரச் சொல்லுல. வேண்டாம்னும் சொல்லுல."

அவர் உள்ளே போய், இருப்பதிலேயே சிறிய பித்தளை இழைப்புளியை எடுத்து வந்தார். அதன் அடிப்பாகம் படகின் அடி போல வளைந்திருக்கும். ரோட்டில் இறங்கியவர் எதிர்ப்பக்கம் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பட்டறை வாசலுக்குள் நடந்தார். அவர் கை ஈரமாக இருந்தது. வெயிலால் என்று நினைத்தேன்.

உள்ளே எல்லோரும் வழி விட்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல் கேபினில் ஏறி, சீட்டில் மண்டியிட்டு, மாடத்தின் உள்வளைவை விரலால் மெதுவாகத் தடவினார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. பின்னாலேயே ஏறிப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, நார் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறார் எனப் புரிந்தது. அப்பாவும் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா இழைப்புளியை வளைவின் உச்சியில் வைத்துக் கீழ்நோக்கி இழுத்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தார். மஞ்சள் பொடி போல கொஞ்சம் தூள் உதிர்ந்தது. அவ்வளவுதான். மூன்றாவது இழுப்பில் அது வழுக்கிக்கொண்டே போனது.

"வெண்டைக்காய்க்குத்தான் ஆகும் போல" என்றார் மேஸ்திரி. அப்பாவின் கிண்டல் பட்டறை வரைக்கும் வந்திருந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். சித்தப்பாவின் காது சிவந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சும்மா இருய்யா" என்றார் அப்பா. அந்த அதட்டலில் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் கையை நீட்டினார். சித்தப்பா இழைப்புளியைக் கொடுத்தார். அப்பா அதைத் திருப்பி, தகட்டின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதைத் தீட்டவே இல்லையாடா?"

"அலமாரில வெக்கறதுக்கு எதுக்குங்கண்ணா தீட்டோணும்?"

அப்பா பட்டறையின் மூலைக்குப் போனார். திருகைக் கழற்றி, நகம் அளவு இருந்த தகட்டை எடுத்தார். அவ்வளவு சின்னதைக் கையில் பிடித்துத் தீட்ட முடியாது. ஒரு குச்சியின் நுனியை ரம்பத்தால் பிளந்து, தகட்டை அதில் செருகி, சாணைக்கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்டத் தொடங்கினார். வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பட்டறையில் அந்தத் தேய்ப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. முழங்கை நீள இழைப்புளிக்குக்கூட அப்பா அவ்வளவு பொறுமையாகத் தீட்டி நான் பார்த்ததில்லை. முன்கையில் வைத்து இழுத்தார். முடி சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தது. தகட்டை மாட்டி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, திருகை இறுக்கி எடுத்து வந்து சித்தப்பாவிடம் நீட்டினார்.

"இந்தா."

"நீங்களே போடுங்கண்ணா" என்றார் சித்தப்பா. குரல் தாழ்ந்திருந்தது. "மறுக்கா பெயர்ந்துச்சுன்னா..."

"என்ற கை அதுக்குள்ள போகாதுடா. பாரு, எத்தாப் பெருசு." அப்பா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "நீயே போடு."

சித்தப்பா போட்டார். உச்சியில் வைத்து இழுத்ததும் ஒரு சத்தம் வந்தது, புதுத் துணி கிழிகிற மாதிரி. வெங்காயச் சருகு கனத்தில் ஒரு சுருள் எழுந்து, வளைந்து, என் மடியில் விழுந்தது. அடுத்தது விழுந்தது. அடுத்ததும். ஒரு பிசிறு இல்லை. இந்தத் தோள் முடிந்து அந்தத் தோளுக்கு மாறினார். மேஸ்திரி எட்டிப் பார்த்து, என் மடியிலிருந்து ஒரு சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "அடேங்கப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

பிள்ளையார் உட்கார்ந்தார். திருவாசியோடு, இடிக்காமல், வளைவுக்குள் வளைவாகப் பொருந்தி உட்கார்ந்தார். வண்டிக்காரரின் மனைவி கற்பூரம் காட்டிவிட்டுச் சித்தப்பாவைக் கும்பிட்டார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "இந்தத் தம்பி உங்க பட்டறையிலதான் வேலைங்களா?" என்று கேட்டார்.

"என்ற தம்பிங்க" என்றார் அப்பா. கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. ஆனால் அப்பா அதைச் சொன்ன விதத்தில், பட்டறையில் இருந்த எல்லோரும் சித்தப்பாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். பூசணிக்காய் உடைந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, எமகண்டத்துக்கு முன்னால் வண்டி ரோட்டில் ஏறியது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எங்கள் சித்தப்பா எங்கள் அப்பாவையே ஜெயித்துவிட்டார், குட்டி இழைப்புளி பெரிய இழைப்புளியை ஜெயித்துவிட்டது என்று. வீட்டில் அப்பாவிடமும் சொன்னேன். "தோத்துப் போயிட்டீங்க!" அப்பா, "ஆமா சாமி, தோத்துத்தான் போயிட்டேன்" என்று சொல்லி, இன்னொரு தோசை கேட்டார். அந்த வாரமே அலமாரியில் இருந்த எல்லாத் தகடுகளும் தீட்டப்பட்டுவிட்டன. சித்தப்பா முட்டைக் கணக்கை விடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் பட்டறைக்குப் போவார். மாடம், கைப்பிடி, ஜன்னல் ஓரம் என்று கேபினுக்குள் வரும் வளைவு வேலையெல்லாம் அவருடையது. இன்றைக்கும் அப்படித்தான்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சீவி முடித்த பிறகு, பிள்ளையாரை வைப்பதற்கு முன்னால், மாடத்து பல்பு எரியவில்லை. உளி தட்டியதில் தளர்ந்திருக்க வேண்டும். சித்தப்பா கீழே இறங்கி எல்லோருக்கும் நடுவில் நின்றிருந்தார். அப்பா சீட்டில் ஏறி, மாடத்துக்குள் கையை விட்டார். மணிக்கட்டு தாண்டியும் கை தாராளமாகப் போயிற்று. உள்ளேயே விரல்களைத் திருப்பி பல்பை இறுக்கினார். நான் பக்கத்துச் சீட்டில்தான், மடி நிறையச் சுருளோடு உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்பு எரிந்தது. எனக்கு அன்றைக்கு அது மட்டும்தான் தெரிந்தது. கைதட்டினேன்.